அறாபி பாஷாவை இலங்கைக்கு அனுப்பிய கடன்



கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் வரலாற்றைப் படித்தோர் அறாபி பாஷாவின் பெயரை அறிவர். 1892ஆம் ஆண்டு அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் முதலியோர் அக்கலாநிலையத்தை ஆரம்பித்தபோது, அவர்களுக்கு ஊக்கமளித்தவர் அந்த எகிப்தியத் தளபதி. 1883இல் நாடு கடத்தப்பட்டு வந்த அவர், 1901 வரை இம்மண்ணில் வாழ்ந்தார். அவர் ஏன் நாடு கடத்தப்பட்டார்? போரில் தோற்றதனால் என்போம். அப்போர் ஏன் மூண்டது என்று தேடிச் சென்றால், நாம் வந்து சேருமிடம் ஒரு கடன் கணக்காகும்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடைபெற்றது. அமெரிக்கப் பருத்தி ஐரோப்பிய ஆலைகளுக்கு வருவது தடைப்பட்டது. எகிப்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அந்தச் செழிப்பின் நடுவே, 1863இல் இஸ்மாயீல் பாஷா ஆட்சிக்கு வந்தார். அவர் கனவுகள் நிறைந்தவர். நீர்ப்பாசனக் கால்வாய்கள், புகையிரதப் பாதைகள், பாடசாலைகள் எனப் பயனுள்ள பலவற்றை அமைத்தார். கூடவே மாளிகைகளையும் கட்டினார். 1869இல் சுயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்குப் பெரும் பொருளை வாரி இறைத்தார்.

யுத்தம் முடிந்ததும் பருத்தி விலை வீழ்ந்தது. வருமானம் சுருங்கியது, செலவோ சுருங்கவில்லை. இடைவெளியை நிரப்ப ஐரோப்பிய வங்கிகள் முன்வந்தன. ஆனால் அவை எழுதிய தொகை வேறு, கொடுத்த தொகை வேறு. 1873ஆம் ஆண்டுக் கடன் 3 கோடி 20 இலட்சம் பவுண் என எழுதப்பட்டது. கருவூலத்துக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 2 கோடி பவுண் மட்டுமே. வட்டியோ எழுதிய முழுத்தொகைக்கும் கட்டப்பட வேண்டியிருந்தது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் பெறப்பட்டது. 1863இல் சுமார் 33 இலட்சம் பவுணாக இருந்த கடன், 1876இல் 9 கோடி பவுணையும் தாண்டியது.

1875இல் சுயஸ் கால்வாய்க் கம்பனியில் எகிப்துக்கிருந்த பங்குகள் சுமார் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவிடம் விற்கப்பட்டன. எகிப்திய ஏழை உழவர்கள் வியர்வை சிந்தித் தோண்டிய கால்வாய் அது. மறு ஆண்டே கடன் தவணைகள் நின்றன. கடன் கொடுத்தோரின் பிரதிநிதிகள் கெய்ரோவில் அமர்ந்து நாட்டின் வருமானத்தைக் கையிலெடுத்தனர். 1878இல் ஓர் ஆங்கிலேயர் நிதியமைச்சரானார். 1879இல் இஸ்மாயீலே பதவி நீக்கப்பட்டார். 1880ஆம் ஆண்டுச் சட்டம் அரச வருமானத்தில் ஏறத்தாழப் பாதியைக் கடனுக்கென ஒதுக்கியது.

இந்நிலையில்தான் அறாபி பாஷாவின் இயக்கம் எழுந்தது. எகிப்தியப் பிரதிநிதிகள் சபை கேட்டது பெரிதொன்றுமன்று: கடனுக்கு ஒதுக்கியது போக எஞ்சிய பணத்தையேனும் எவ்வாறு செலவிடுவது எனத் தீர்மானிக்கும் உரிமை. அதையும் பிரித்தானியாவும் பிரான்சும் ஏற்கவில்லை. 1882 ஜூலையில் அலெக்சாந்திரியா மீது பிரித்தானியக் கப்பல்கள் குண்டு பொழிந்தன. செப்டெம்பரில் தெல்-அல்-கபீர் களத்தில் அறாபி பாஷா தோற்றார். கடனைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட அந்த அலுவலகம் 1940 வரை கலைக்கப்படவில்லை. பாட்டன் வாங்கிய கடனைப் பேரனின் பேரனும் சுமந்தான்.

இது தூரத்துக் கதையன்று. நமது நாடு 2007இல் முதன்முறையாக 50 கோடி டொலருக்குச் சர்வதேசப் பிணைமுறிகளை வெளியிட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. காரணங்கள் பல. ஆயினும் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு, கடன் என்பது ஏட்டிலுள்ள எண் மட்டுமன்று என்பது அன்று விளங்கியது.

வீட்டுக்கும் இதே விதிதான். தந்தை வளைகுடா நாட்டில் உழைக்கும் சில ஆண்டுகள், ஒரு குடும்பத்தின் பருத்திக் காலம். அவ்வருமானம் என்றும் நிலைக்கும் என எண்ணி வீட்டை விரிப்பதும், திருமண ஆடம்பரத்துக்காக நகையை அடகு வைப்பதும், லீசிங் தவணையைக் கட்ட இன்னொருவரிடம் கைநீட்டுவதும் இஸ்மாயீல் பாஷா நடந்த பாதையேயாகும்.

இளைஞர்களே, கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கைக்கு வருவது எவ்வளவு, எழுதப்படுவது எவ்வளவு? இதை அடைக்கும் வருமானம் நிலையானதா? இக்கடன் உழைத்துத் தருமா, அல்லது ஒரு நாள் பெருமையோடு கரைந்துவிடுமா? பெற்றோர்களே, வீட்டின் கடனைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். கணக்கை அறிந்த பிள்ளையே சிக்கனத்தை அறியும்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூறத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடனைச் சாட்சிகளுடன் எழுதி வைப்பதைப் பற்றியது. நபி (ஸல்) அவர்கள் கடன் சுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். கடன்பட்டவனின் சுதந்திரம் கடன் கொடுத்தவனின் கையில் இருக்கிறது என்பதற்கு அறாபி பாஷாவின் வாழ்வே சாட்சி. அச்சுமையிலிருந்து நம் வீடுகளையும் நாட்டையும் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.