சான்பிரான்சிஸ்கோ பஞ்சாயத்து

பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, மாடியில் பாட்டுச் சத்தம்... இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போனால் கட்டுப்படியாகுமா? வக்கீல் ரேமண்ட் ஷான்ஹோல்ட்ஸ் 1976-ல் சான்பிரான்சிஸ்கோவில் 'கம்யூனிட்டி போர்ட்ஸ்' அமைப்பை ஆரம்பித்தார். பயிற்சி பெற்ற அந்தப் பகுதி ஆட்களே மூன்று முதல் ஐந்து பேர் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். நம்மூர் பஞ்சாயத்து மாதிரிதான், ஆனால் நாட்டாமையும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது! சண்டை போட்டவர்களே பேசி முடிவுக்கு வரவேண்டும்.

1978-ல் அட்லாண்டா, கான்சாஸ் சிட்டியில் மத்திய அரசுப் பணத்தில் திறந்த மையங்களுக்கு கோர்ட்டும் போலீசும் கேஸ் அனுப்பின. ஷான்ஹோல்ட்ஸ் அந்த வழிக்குப் போகவில்லை. அறக்கட்டளைகளின் நிதியை நம்பினார். விளைவு, கேஸ் குறைவு. கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் கோர்ட் அனுப்பி வருபவன் பயந்துதானே வருவான்?

1982-ல் பள்ளிகளுக்கும் போனார்கள். மைதானத்துச் சண்டைகளை மாணவர்களே தீர்த்துவைக்கப் பழகினார்கள்.