தொண்டிக் கரையும் காம்பாக்ட் கேமராவும்: ஒளி, கருவி, சான்று

1. எல்லை

திருவாடானை வட்டத்தின் பழந்துறைமுகம் தொண்டி. சங்கப் பாடல்களில் பெரிதும் பேசப்படுவது மேலைக்கரையில் சேரருக்கு உரிய தொண்டி. இது பாக் விரிகுடாவை நோக்கிய கீழைக்கரைத் தொண்டி. வெனிசில் மாளிகைகள் நீரை நோக்கி வரிசையாக நிற்பதால், படமெடுக்கப் போகிறவருக்கு ஊரே காட்சியை அமைத்துக் கொடுத்துவிடுகிறது. நம் கரையில் அந்த வசதி கிடையாது. இங்கே பழமை தெருக்களுக்குள் ஒதுங்கியிருக்கும், அல்லது தனுஷ்கோடியைப் போல இடிபாடாகக் கிடக்கும். ஆகவே சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் கேமராவை இக்கரையில் அழகுப் படத்துக்கான கருவியாகக் கொள்வதைவிடச் சான்றுப் படத்துக்கான கருவியாகக் கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. ஒளி

கிழக்கு பார்த்த கரைக்கு விடியலில் வருபவர்கள் பெரும்பாலும் சூரியனையே படமெடுக்கிறார்கள். வானம் வெளுத்துப்போகிறது; வல்லமும் விசைப்படகும் ஒரே கரிய உருவமாகிவிடுகின்றன. குறை சென்சாரின் அளவில் இருக்கிறது. எளிய காம்பாக்ட் கேமராக்களில் பரவலாக உள்ள 1/2.3 அங்குல சென்சாரின் அகலம் ஏறத்தாழ 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. முழுச்சட்டக சென்சாரோ 36 மி.மீ.க்கு 24 மி.மீ.; பரப்பில் முப்பது மடங்கு. அந்தச் சிறு பரப்பால் ஒளிரும் வானத்தையும் படகின் இருண்ட பக்கத்தையும் ஒருசேரத் தாங்க முடியாது.

இதற்கு வழி, வெயிலை முதுகில் வாங்கிக்கொள்வதுதான். காலையில் படகிலோ படகுத்துறையிலோ நின்று ஊரைப் பார்த்து எடுக்க வேண்டும். பிற்பகலில் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுக்க வேண்டும். மாலையில் கடலிலிருந்து எடுத்தால் ஊர் நிழலுருவம்தான்.

தனுஷ்கோடியில் சிக்கல் வேறு. ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா, நடுவே ஒதுங்க நிழலில்லாத மணல்திட்டு. 1964 டிசம்பர் 22 இரவு தாக்கிய புயலில் ஊர் அழிந்தது. தேவாலயத்தின் சுவர்கள் எஞ்சின. அவற்றின் பவளக்கல் உச்சிவெயிலில் வெறும் பூச்சுச் சுவர்போலத் தெரியும். காலையோ மாலையோ பக்கவாட்டில் சாய்வாக ஒளி விழும்போதுதான் கல்லின் துளைகளும் அரிப்பின் ஆழமும் துலங்கும். பளிச்சிடும் மணலைக் கேமராவின் ஒளியளவி சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை +1 அளவுக்கு ஏற்றினால் மணல் மணலாகும்.

ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தைச் சுற்றுலாக்காரர்கள் வெறுப்பார்கள். ஆவணப்படுத்துபவருக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை என்பேன். நிழல் மென்மையாகி, சிறு சென்சாரும் விவரத்தை விழுங்காமல் காட்டும்.

3. கருவி

வெளிச்சம் மிகுதி என்று லென்ஸ் துளையை எஃப்/8 வரை சுருக்கினால், இவ்வளவு சிறிய சென்சாரில் ஒளியின் விளிம்பு விளைவால் படம் மழுங்கும். துளையை விரிவாகவே வைத்து ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது மேல். திருவாடானை ஆதிரத்தினேசுவரர் கோயில் கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாயும். தள்ளிப்போய் ஜூம் செய்தால் நிமிரும். நீண்டு மடங்கும் லென்ஸ் குழலுக்கு மணல் எமன். காற்றடிக்கும் கரையில் அடிக்கடி மூடித் திறக்கக் கூடாது.

4. சான்று

பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. அருகே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 1988இல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பேர் எடுத்த சாதாரணப் படங்களைத் தேதியோடு அடுக்கினால், இந்த மாற்றத்தின் வரலாறு கிடைத்துவிடும். தேதி இல்லாவிட்டால் அவை வெறும் பாலப் படங்கள்.

படகுத்துறைக்கும் இது பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மே மாதப் படத்தைத் தேதியின்றிப் பார்ப்பவர் தொழிலே நொடித்துவிட்டதாக நினைக்கக்கூடும்.

உலகச் சந்தையில் 2010இல் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட காம்பாக்ட் கேமராக்கள், 2023இல் 20 லட்சத்துக்கும் குறைந்தன. செல்போன் அந்த இடத்தைப் பிடித்தது. பயன்பாட்டில் எஞ்சியுள்ள பழைய கேமராக்களில் பேட்டரியை நீண்ட நாள் கழற்றி வைத்தால் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடுவதுண்டு. பலவற்றில் இடங்காட்டியும் இல்லை. எனவே முதல் படமாகச் செல்போன் திரையின் தேதியையும் நேரத்தையும், இரண்டாவதாக ஊர்ப்பலகையையும் எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். குறிப்பேட்டில் “தொண்டி” என்று மட்டும் எழுதினால் போதாது. நின்ற இடம், பார்த்த திசை, வீசிய காற்று கொண்டலா கச்சானா என்பதும் வேண்டும்.