தூக்குக் கயிற்றின் முன் பெண்கள்: 2011 ஆகஸ்ட்

தமிழ்நாட்டில் மரண தண்டனை எதிர்ப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தலைவர்கள், தீர்ப்புகள், சட்டமன்றத் தீர்மானம் என்ற வரிசையிலேயே எழுதுகிறார்கள். அந்த வரிசையில் பெண்களுக்கு இரண்டு இடங்கள்தான்: அழுகிற தாய், எரிந்த மகள். அந்த இரண்டு பெண்களும் என்ன வேலை செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு பணியிலிருந்த காவலர்கள், கட்சிக்காரர்கள், ஒரு தாயும் அவருடைய சிறு மகளும் இறந்தார்கள். தூக்குக்கு எதிராகப் பேசுகிற எவரும் இந்தச் சாவுகளைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பது என் எண்ணம். 1998 ஜனவரி 28இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. பழ. நெடுமாறன் முன்னின்ற உயிர்காப்புக் குழு மக்களிடம் நிதி திரட்டி மேல்முறையீட்டை நடத்தியது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு. அந்த நால்வர் நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன்.

மூன்று நீதிபதிகளில் கே.டி. தாமஸ் மட்டும் நளினிக்கு ஆயுள் போதும் என்று எழுதினார். சிறையில் பிறந்த அவருடைய மகள் அநாதையாகிவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2000ஆம் ஆண்டு அமைச்சரவைப் பரிந்துரையின்படி ஆளுநர் பாத்திமா பீவி நளினியின் தண்டனையைக் குறைத்தார். அந்த உயிர் தப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பிள்ளை பெறாத ஒரு பெண் அந்த இடத்தில் நின்றிருந்தால் எந்தக் காரணத்தைத் தேடியிருப்பார்கள் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

மற்ற மூவரின் கருணை மனுக்கள் குடியரசுத் தலைவர் அலுவலகத்துக்குப் போயின. பதினோரு ஆண்டுகள் பதில் இல்லை.

அந்தப் பதினோரு ஆண்டுகளில்தான் அற்புதம்மாளின் அரசியல் உருவாயிற்று. ஜோலார்பேட்டைக்காரர். கணவர் குயில்தாசன் தமிழாசிரியர், குடும்பமே பெரியாரியக் குடும்பம். 1991 ஜூனில் பத்தொன்பது வயது மகனை விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவதாகச் சொல்லித்தான் அழைத்துப் போனார்கள் என்பதை அவர் மேடைதோறும் சொல்லியிருக்கிறார். வெடிகுண்டில் பயன்பட்ட இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது மகன்மேல் இருந்த முதன்மையான குற்றச்சாட்டு. சிறைக்குள் பேரறிவாளன் எழுதிய ‘தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்’ நூலை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்களில் முதலில் நிற்பவர் அம்மாதான். சிறை மனு பார்க்கிற நாள், வழக்கறிஞரைப் பார்க்கிற நாள், கூட்டத்துக்குப் போகிற நாள் என்று ஒரு வாழ்க்கை. கணக்குப் பார்த்தால் அதில் பாதி பேருந்திலும் ரயிலிலும் கழிந்திருக்கும்.

மேடைகளில் அவரைக் கண்ணகி என்றார்கள். நான் ஆண்டுதோறும் வகுப்பில் வழக்குரை காதை நடத்துகிறவள். இந்த ஒப்புமை எனக்கு ஒட்டவில்லை. ஆராயாமல் கொன்ற அரசை ஒரு பெண் கேள்வி கேட்கிறாள் என்பது வரை சரி. ஆனால் கண்ணகி அவைக்கு வரும்போது கோவலன் இறந்துவிட்டான். சிலம்பு உடைகிறது, அரசன் தன் தவற்றை உணர்ந்து அங்கேயே உயிர்விடுகிறான். எல்லாம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அற்புதம்மாளின் அரசனோ ஒரு கோப்பு. அது உணராது, மயங்கி விழாது, மேசை மாறும். மகன் உயிரோடு இருப்பதால் அவரால் மதுரையை எரிக்கவும் முடியாது. அடுத்த வாரம் அதே வாசலில் அதே காவலரிடம் பெயர் சொல்லி உள்ளே போக வேண்டும். வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்திய புலனாய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னது 2013இல். சிலம்பு உடைய இருபத்திரண்டு ஆண்டுகள்.

2011 ஆகஸ்டில் மனுக்கள் நிராகரிக்கப்பட்ட செய்தி வந்தது. செப்டம்பர் 9 தூக்கு நாள், இடம் வேலூர் சிறை. நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டோம். கல்லூரிகளில் மாணவர்கள் வெளியே வந்தார்கள், நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் புறக்கணித்தார்கள். சென்னைக் கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் காலவரையற்ற உண்ணாநிலையில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 28, ஞாயிறு மாலை, காஞ்சிபுரம் வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் செங்கொடி தீக்குளித்து இறந்தார். 2009இல் ஈழப்போருக்கு எதிராக முத்துக்குமார் உயிர்விட்டதை நினைவூட்டி, தன் உடல் மூவரைக் காக்கப் பயன்படட்டும் என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைக்கு எட்டு வாரத் தடை விதித்தது. அதே நாளில் தண்டனையைக் குறைக்கக் கோரும் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது.

இந்த இரண்டு நாள் இடைவெளியை வைத்துத்தான் செங்கொடி காவியமாக்கப்பட்டார். சுடர், தணல், நெருப்பு. நான் கவிதை எழுதுகிறவள் என்பதால் அந்த வாரம் என்னிடமும் ஒன்று கேட்டார்கள். எழுதவில்லை. அவர் ஓர் இருளர் பெண். காஞ்சிபுரத்தில் பெண்கள் முன்னின்று நடத்தும் மக்கள் மன்றத்தில் வளர்ந்து உழைத்தவர். அந்த வட்டாரத்தில் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் வேலையிலும் கொத்தடிமைகளாய்க் கிடந்த இருளர் குடும்பங்களுக்கு மீட்பு, பட்டா, சாதிச் சான்றிதழ் என்று எத்தனை ஆண்டு வேலை பாக்கியிருந்தது! வட்டாட்சியர் அலுவலக வாசல் இருளர்களுக்கு மனுவோடு காத்து நிற்கிற இடம். மூன்று உயிரைக் காக்க நான்காவது உயிர் போனதை எந்த இயக்கமும் வெற்றிக் கணக்கில் எழுதக் கூடாது. அவர் இருந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பின் பெயர் ‘மூன்று தமிழர்’ என்று இருந்ததிலும் எனக்கு நெருடல் உண்டு. தமிழர் என்பதால் காக்கிறோமா, தூக்கே கூடாது என்பதால் காக்கிறோமா? 2000 பிப்ரவரியில் தருமபுரியில் பேருந்துக்குள் மூன்று மாணவிகளை எரித்துக் கொன்ற வழக்கிலும் மூவருக்குத்தான் தூக்கு. 2011இல் முழங்கிய பலர் அந்த மூவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தபோது கோபப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. தில்லிக் கொடுமைக்குப் பிறகு, 2013 ஜனவரியில், வர்மா குழு பாலியல் வன்முறைக்குத் தூக்கைப் பரிந்துரைக்கவில்லை. பெண்கள் அமைப்புகள் பலவும் அதையே அந்தக் குழுவிடம் வலியுறுத்தியிருந்தன. ஆனால் அடுத்த மாதமே அவசரச் சட்டத்தில் தூக்கு நுழைந்தது, நம் பெயரால். உடுமலை சங்கர் கொலை வழக்கில் 2017 டிசம்பரில் ஆறு பேருக்குத் தூக்கு என்றதும், சாதிவெறிக்கு இதுதான் பாடம் என்று தோழிகள் சிலர் எனக்குச் செய்தி அனுப்பினார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கயிற்றை ஆளுக்கேற்ற அளவில் வெட்டித் தர அரசை நான் கேட்கமாட்டேன் என்றே பதில் போட்டேன். ஒருத்தி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

2014 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம், கருணை மனுக்களின் தாமதத்தைக் காரணம் காட்டி மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. பேரறிவாளன் 2022 மே 18இல் விடுதலையானார், மற்ற ஆறு பேர் நவம்பர் 11இல். முப்பத்தோரு ஆண்டு ஓடிய அற்புதம்மாள் மகனோடு வீட்டுக்குப் போனார்.

சாந்தனின் தாய் யாழ்ப்பாணத்தில் இருந்தார். வேலூர் வாசலுக்கு வர முடியாத தாய் என்பதாலோ என்னவோ, எங்கள் மேடைகளில் அவரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. விடுதலைக்குப் பின் சாந்தன் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். ஊர் திரும்ப அனுமதி கிடைத்திருந்த வேளையில், 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். சில நாட்கள் கழித்து உடல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது.