வல்லவனும் ஊராரின் ஐயமும்



தரமணியில் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தைக் கடந்து வேலைக்குச் செல்வோர் உங்களில் உண்டு. அந்தத் திரை நாயகரை 1977இல் தமிழ்நாடு முதலமைச்சராக்கியது. அதே 1977இல், முகமூடி வீரர்களை அமெரிக்கா சட்டமியற்றித் தடைசெய்ததாக ஒரு கற்பனைக் கதை உண்டு. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986இல் வெளியிடத் தொடங்கிய ‘வாட்ச்மென்’ அது. காப்பவன் யாருக்குக் கணக்கு ஒப்புவிப்பான் என்பதே அதில் மக்களை வாட்டும் கேள்வி.

இத்தகைய ஐயம் நமக்குப் புதிதன்று. 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதில் வந்த ஸ்பைடர், முதலில் குற்ற உலகின் சக்கரவர்த்தியாக விரும்பியவன். பின்னரே நீதியின் பக்கம் திரும்பினான். அவன் கதைகள் பலவற்றை எழுதியவர், 1938இல் வெளியான சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்! மாசற்ற வீரனைத் தந்த கையே தற்பெருமை மிக்க இவனையும் எழுதியது.

2021இல் பேசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’ இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஓர் இரவில் மின்னல் தாக்கி இருவர் வல்லமை பெறுகிறார்கள். ஒருவன் வீரனாகிறான். மற்றவன் ஷிபு, நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அந்த வேடத்தை ஏற்றார். வல்லமை வருமுன்பே ஊர் அவனைப் பித்தன் என்று ஒதுக்கியிருந்தது. தான் நேசித்த பெண்ணின் மகளுக்குச் சிகிச்சை செய்ய அவன் வங்கியில் திருடுகிறான். ஆகவே ஊரார் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் மூட்டிய தீயில் அந்தப் பெண் மாண்டபின், அவன் ஊரையே அழிக்கப் புறப்படுகிறான். அவனைப் பகைவனாக்கியதில் மின்னலைவிட ஊருக்கே பங்கு அதிகம் என்பேன்.

நியாயாதிபதிகள் 15ஆம் அதிகாரத்தை இதனோடு சேர்த்து வாசியுங்கள். சிம்சோன் 300 நரிகளைக் கொண்டு பெலிஸ்தரின் வயல்களைக் கொளுத்தியது தன் சொந்தப் பழியைத் தீர்க்கவே. யூதா மனிதரை அவன் கலந்துகொள்ளவில்லை. படை வந்து இறங்கியதோ அவர்கள் நாட்டில். அவர்களில் 3000 பேர் இரண்டு புதுக் கயிறுகளோடு அவனைப் பிடித்துக்கொடுக்கச் சென்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. எனினும் தங்களை ஆண்ட பெலிஸ்தரை நோக்கி அந்த 3000 பேரும் அதுவரை திரண்டதாக அங்கே வாசிக்கிறோமா? சிம்சோன் அவர்களை எதிர்க்கவில்லை. கைகளை நீட்டுமுன் ஒன்றே ஒன்றைக் கேட்டான்: தன் சொந்த ஜனமே தன்னைக் கொல்லாதிருக்க ஓர் ஆணை.