அழுதபடி அகன்ற பாட்டு

ஒரு பாட்டு மக்களிடையே பரவப் பரவ, அதனைப் படைத்தவன் பெயர் மங்கிப்போவது உலக வழக்கமாக உள்ளது. பாட்டின் வெற்றியே பாவலனின் மறைவுக்குக் காரணமாகும் இந்நிலை, எழுதுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும். 1989ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உருவாகி உலகெங்கும் ஆடப்பெற்ற ஓர் இசைத்தொகுப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாக விளங்குகிறது. கவோமா என்னும் குழு வெளியிட்ட அத்தொகுப்பின் பெயர் 'வேர்ல்ட்பீட்'. உலகத் தாளம் என்பது பொருள். அதன் தலையாய பாடல் 'லம்பாடா'.

லம்பாடா என்னும் சொல்

போர்த்துகீசிய மொழியில் லம்பாடா என்பது ஓங்கி விழும் அடியைக் குறிக்கும். பிரேசிலின் வடகோடியில், அமேசான் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள பாரா மாநிலத்தில் இச்சொல் இசையின் பெயராயிற்று. அம்மாநிலத்திற்கே உரிய கரிம்போ என்னும் பறையொலி மிக்க ஆட்ட இசையும், கரீபியத் தீவுகளின் மெரெங்கே முதலிய இசைவகைகளும் அங்கே கலந்தன. 1970களில் பிந்தூக்கா என்னும் பாடகரும், மின்கிதார் வாசிப்பில் தனிவழி கண்ட மெஸ்த்ரே வியேராவும் இச்சொல்லை இசைத்தட்டுகளில் ஏற்றினர். பின்னர் 1980களில் பாகியா மாநிலத்துக் கடற்கரை ஊரான போர்ட்டோ செகூரோவில் இருவர் இணைந்து ஆடும் ஆட்டமாக அது செழித்தது.

மலைநாட்டில் பிறந்த மெட்டு

ஆயினும், உலகம் 'லம்பாடா' என்று அறிந்த மெட்டு பிரேசிலில் பிறந்ததன்று. அதன் தாயகம் பொலிவியா. ஆண்டிஸ் மலைநாட்டைச் சேர்ந்த கோச்சபம்பாப் பகுதியில் தோன்றிய லோஸ் கார்காஸ் என்னும் குழுவினர், 1981இல் 'யோராந்தோ சே புவே' என்னும் பாடலைப் பதிவு செய்தனர். 'அழுதபடி அகன்றது' என்பது அத்தலைப்பின் கருத்து. உலிசெஸ் எர்மோசா, கொன்சாலோ எர்மோசா என்னும் உடன்பிறந்தார் இருவர் அதனை இயற்றினர். மூங்கிற் குழல்களும், சரங்கோ என்னும் சிறு நரம்புக் கருவியும் அம்மலைநாட்டு இசைக்கு உயிர். பாடலின் தாளமோ, அந்நாட்டுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சாயா மரபைத் தழுவியது. ஆகவே, பிறந்தபோதே அம்மெட்டில் இரு மக்களின் துயரம் கலந்திருந்தது எனலாம்.

அது பிரிவுப் பாட்டு. காதல் நீங்கியபின் தனித்து நிற்கும் ஒருவனின் புலம்பல். ஆட்டத்திற்கென்று எழுந்ததன்று அதன் உள்ளம். 1984இல் பெரு நாட்டின் குவார்தேத்தோ கொந்தினெந்தால் குழுவினர் அதனைக் கும்பியா நடையில் பாடியபோது, குழலின் இடத்தில் அக்கார்டியன் அமர்ந்தது. புலம்பல் அன்றே ஆட்டமாக மாறத் தொடங்கிற்று.

1986இல் பிரேசில் பாடகி மார்சியா ஃபெரேய்ரா, ஜொசே அரி என்பாருடன் சேர்ந்து அதனைப் போர்த்துகீசியத்தில் ஆக்கிப் பாடினார். உரியவரின் இசைவோடு நிகழ்ந்த மொழிபெயர்ப்பு அது. கவிஞர்க்கு ஒரு செய்தி இங்கே நோக்கத்தக்கது. ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் வினைமுற்று ஆண்பால் பெண்பால் காட்டுவதில்லை. அழுதபடி அகன்றவர் அவனா, அவளா என்பது வினையால் விளங்காது. பாடுவோர் குரலைக்கொண்டே கேட்போர் உணர்வர். எனவே, ஆண்குரலில் பிறந்த பாட்டு பெண்குரலுக்கு இடறலின்றிச் சென்றது. பால்காட்டும் விகுதியுடைய நம் மொழியில் இத்தலைப்பைப் பெயர்க்க முயல்வோர் இவ்வருமையை உணர்வர்.

பாரிஸில் நேர்ந்தது

1988இல் போர்ட்டோ செகூரோ சென்ற ஒலிவியே லோர்சாக் என்னும் பிரெஞ்சுக்காரர் அங்கு ஆடப்பெற்ற லம்பாடாவில் ஒரு பெருவணிகத்தைக் கண்டார். இசைத்தட்டு வெளியீட்டில் பழுத்த ழான் கராகோஸ் என்பாருடன் இணைந்து, லம்பாடாப் பாடல்கள் பலவற்றின் உரிமைகளை வாங்கினார். அடுத்துக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. செனகல் நாட்டுத் துரே குண்டா குழுவோடு பணியாற்றிய இசைஞர்களும், கரீபியத் தீவினர் சிலரும் அதில் இடம்பெற்றனர். ரியோ டி ஜெனிரோவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த லோவால்வா பிராஸ் முதன்மைப் பாடகியானார்.

1989ஆம் ஆண்டுக் கோடையில் வெளிவந்த 'லம்பாடா' பிரான்சில் பன்னிரண்டு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஐரோப்பாவின் பிற நாடுகளையும் வென்றது. 'தன்சாந்து லம்பாடா', 'மெலொதி தமூர்' ஆகியனவும் அத்தொகுப்பிலிருந்து தனித்தட்டுகளாக வந்தன. ஒன்றன் பெயர் போர்த்துகீசியம், மற்றொன்றன் பெயர் பிரெஞ்சு. தொகுப்பின் கலப்பை இத்தலைப்புகளே காட்டும். 1990 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் லம்பாடா பற்றிய இரு திரைப்படங்கள் ஒரே நாளில் வெளியாயின.

ஆனால், தட்டின் மேல் ஆக்கியோனாக அச்சிடப்பட்ட பெயர் சிக்கோ தெ ஒலிவெய்ரா. அப்பெயரில் எக்கவிஞனும் இல்லை. அது லோர்சாக் வைத்துக்கொண்ட புனைபெயர். புனைபெயர் எழுத்துலகிற்குப் புதிதன்று. தன் படைப்பை மறைந்துநின்று வழங்குவதற்கு அது பயன்படும். பிறர் படைப்பின்மேல் அதனை ஒட்டும்போதோ, அது மூடுதிரையாகிவிடுகிறது. எர்மோசா உடன்பிறந்தார் பெயரும் இல்லை, மொழிபெயர்த்த மார்சியா ஃபெரேய்ராவின் பெயரும் இல்லை.

உடையவர் வழக்காடினர். முடிவில் பாடல் அவர்களுடையது என்பது ஏற்கப்பட்டது, இழப்பீடும் கிடைத்தது. உலிசெஸ் எர்மோசா 1992இல் மறைந்தார். 2011இல் அமெரிக்கப் பாடகி ஜெனிஃபர் லோபஸ் 'ஆன் த ஃப்ளோர்' பாடலில் அம்மெட்டை எடுத்தாண்டபோது, இயற்றியோர் வரிசையில் அவ்விருவர் பெயரும் முறையாக இடம்பெற்றன. ஒருவர் அதனைக் காண இருக்கவில்லை.

பழைய வழக்கு

பிரேசிலின் இசை வரலாற்றில் இது முதல் வழக்கும் அன்று. சம்பா என்ற பெயரோடு புகழ்பெற்ற தொடக்கப் பாடல்களுள் ஒன்றான 'பெலோ டெலிஃபோனி'யை, 1916 நவம்பரில் ரியோவின் தேசிய நூலகத்தில் தம் பெயரில் பதிவு செய்தார் டோங்கா என்னும் இசைஞர். அப்பாட்டோ தியா சியாத்தா என்னும் மூதாட்டியின் இல்லத்தில் கூடிப் பாடியோரிடையே உருவானது. தாமும் அதில் பங்குடையோம் என்று பலர் குரல் எழுப்பினர். அங்கே பலர் கூடிச் செய்தது ஒருவர் பெயரில் சென்றது. பின்னாளில் இருவர் செய்தது இல்லாத ஒருவர் பெயரில் சென்றது.

இவ்வரலாற்றில் பாடகியைக் குறை கூறுதற்கில்லை. லோவால்வா பிராஸின் குரலே அப்பாட்டுக்கு உலக வாயில்களைத் திறந்தது. 2017 சனவரியில், சாக்குவாரெமா என்னும் ஊரில் கொள்ளையர் கையில் அவர் கொடுமுடிவு எய்தினார். பெருவின் அக்கார்டியனும், மார்சியாவின் மொழியும், பாரிஸின் பதிவுக்கூடமும் தத்தம் பங்கை அளித்தன. பாட்டு கைமாறுவது குற்றமன்று. கைமாறாத பாட்டு பிறந்த ஊரிலேயே அடங்கிவிடும். எடுத்தாள்வோன் எவரிடமிருந்து எடுத்தான் என்று ஒரு வரி எழுதினால் போதும், அக்கைமாற்றம் உறவாகிவிடும். அவ்வொரு வரிக்காகவே எர்மோசா உடன்பிறந்தார் நீதிமன்றப் படியேற நேர்ந்தது.