ஏகபோகம்

ஏகம் என்றால் ஒன்று, போகம் என்றால் அனுபவிப்பது. இரண்டும் வடசொற்கள். இது முதலில் நிலத்தைச் சார்ந்த சொல். தஞ்சைப் பகுதியில் ஊர் நிலம் முழுதும் ஒரே மிராசுதார் கையில் இருந்தால் அது ஏகபோக கிராமம். பங்காளிகள் பொதுவில் வைத்திருந்தால் சமுதாய கிராமம். கடைத்தெருவுக்கு இந்தச் சொல் வந்தது பிறகுதான். மோனோபொலி என்ற கிரேக்க வழிச் சொல்லோ பிறப்பிலேயே வணிகச் சொல்: தனித்து விற்றல் என்று பொருள்.

அப்படியானால் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இசைக் கடை ஏகபோகமாக இருந்ததா? 2003 ஏப்ரலில் பாட்டுக்கு 99 சென்ட் என்று திறந்த கடை, 2008இல் வால்மார்ட்டையும் முந்தி அமெரிக்காவின் முதல் இசை விற்பனையாளர் ஆனது. ஆனாலும் குறுந்தகடுகள் விற்பனையில் இருந்தன, வேறு இணையக் கடைகளும் இருந்தன. ஆகவே ‘ஏகம்’ பொருந்தாது. ‘போகம்’ விஷயம் வேறு. அங்கே காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்குப் பூட்டு. கையடக்கக் கருவிகளில், ஐபாட் போல ஆப்பிள் அனுமதித்தவற்றில் மட்டும்தான் பாடியது. பாட்டு நம்முடையது, சாவி அவர்களுடையது! பூட்டை 2009இல் கழற்றினார்கள்.

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டப்படி, பெரிய பங்கு வைத்திருப்பது மட்டும் குற்றமல்ல. அதைப் பெறவோ தக்கவைக்கவோ முறைகேடு செய்தால்தான் குற்றம். அந்தப் பூட்டு தொடர்பான ஐடியூன்ஸ் வழக்கில் 2014 டிசம்பரில் ஓக்லந்து ஜூரிகள் ஆப்பிள் பக்கமே தீர்ப்பளித்தனர். அன்றைய ஐடியூன்ஸுக்கு ‘சந்தை ஆதிக்கம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இந்தியாவின் 2002 போட்டிச் சட்டமும் ஆதிக்க நிலையைத் தடுப்பதில்லை, அதன் துஷ்பிரயோகத்தையே தடுக்கிறது.