கடை கடையாக நிற்கும் கால்கள்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு சாயங்காலம். பேரனோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர், பாத்திரக்கடை முன்னால் நின்றார். இரண்டு நிமிஷம் கழித்து நடந்தார். அப்புறம் செருப்புக் கடை முன்னால் மறுபடி நின்றார். எதையும் வாங்குகிற உத்தேசம் இல்லை!

“என்ன தாத்தா, நின்னுட்டீங்க?”

“கெண்டைக்கால் கவ்விப் பிடிக்குல... கொஞ்சம் நின்னா சரியாப் போவும். வயசாயிட்டுல்லா!”

வயசு மட்டும்தானா? ஜெர்மானியர்கள் இதற்கு ‘கடை ஜன்னல் நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வலியால் நிற்பவர், கடையை வேடிக்கை பார்ப்பதுபோல் சமாளிப்பதால் வந்த பெயர். விஷயம் என்னவோ வேடிக்கையானதல்ல. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது என்று அர்த்தம்!

இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு குதிரை! 1831-ல், பாரீஸில் பூலே என்ற கால்நடை மருத்துவரிடம் ஒரு வண்டிக் குதிரை வந்தது. கொஞ்ச தூரம் ஓடினால் நொண்டும். நின்றால் சரியாகிவிடும். அது இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால், பின்னங்கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைத்துக் கிடந்தன. 1858-ல் சார்க்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவர், அதே சங்கதியை ஒரு மனிதரிடம் கண்டு எழுதினார்.

சரி, இதில் சர்க்கரை எங்கே வந்தது? 1922-ல் இன்சுலின் ஊசி வந்ததும், சர்க்கரை மயக்கத்தில் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால், அப்படிப் பிழைத்து நீண்ட காலம் வாழ்ந்தவர்களுக்குக் கால் அழுக ஆரம்பித்தது! 1934-ல் பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜோஸ்லின் இதை எச்சரித்து எழுதினார். இது விதியல்ல, கவனக்குறைவு என்பது அவர் கட்சி. நோயாளிகளுக்குப் பாதம் கழுவிப் பார்த்துக்கொள்ளப் பாடமே நடத்த ஏற்பாடு செய்தார்!

நம்மூருக்கு வருவோம். 1948-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம்.விஸ்வநாதன். அவருடைய மகன் டாக்டர் வி.மோகனின் குழு, சென்னையில் இரண்டு குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் ஆராய்ந்து, 2000-ல் முடிவை வெளியிட்டது. சர்க்கரை இல்லாதவர்களில் 2.7 சதவிகிதம் பேருக்குக் காலில் அடைப்பு. சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவிகிதம்! 2002-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இன்னும் நறுக்கென்று சொன்னது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ஒரு சதவிகிதம் ஏறினால், இந்த ஆபத்து 28 சதவிகிதம் ஏறுகிறது.

காரணம்? ரத்தத்தில் ஓயாமல் மிதக்கும் சர்க்கரை, குழாயின் வழுவழுப்பான உள்சுவரைக் கெடுக்கிறது. கெட்ட இடத்தில் கொழுப்பு படிகிறது. சிகரெட்டும் ரத்தக் கொதிப்பும் கூட்டு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்து முத்துக்குளிப்பில், அடியில் மூச்சு முட்டியதும் குளிப்பவர் கயிற்றைச் சுண்டுவார். தோணியில் இருப்பவர் சட்டென்று மேலே இழுப்பார். கெண்டைக்கால் வலியும் அப்படித்தான். ‘பிராணவாயு போதலை’ என்று தசை கயிற்றைச் சுண்டுகிறது. நாமோ, ‘வயசாயிட்டு’ என்று தைலம் தேய்க்கிறோம்!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சர்க்கரை, நரம்பையும் மரக்கச் செய்யும். அப்போது வலியே தெரியாது. கயிறே அறுந்துபோன கதை! உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்குச் சின்னக் கீறல் விழுந்தாலும் தெரியாது. ரத்தமும் போதாததால் புண் ஆறாது. முடிவில் விரல்... அப்புறம் கால்!

வலிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால், விடை 0.9-க்குக் கீழே வருகிறதா? அடைப்பு இருக்கலாம். ஊசி இல்லை, வலி இல்லை. நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் இறுகிப்போய், இந்தக் கணக்கு ஏமாற்றவும் கூடும். அப்போது கட்டைவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள். சீக்கிரம் தெரிந்தால் மருந்தும் நடைப்பயிற்சியும் உதவும். அடைப்பு முற்றினால் குழாயைத் திறக்கவும் வழி உண்டு.

பாரீஸில் குதிரை நின்றபோது, ‘ஏன் நிற்கிறது?’ என்று கேட்க ஒருவர் இருந்தார். மில்லர்புரத்தில் கேட்டது அந்தப் பேரன் மட்டும்தான். பதிலை நம்பாமல், தாத்தாவை டாக்டரிடம் கூட்டிப் போனால் தேவலை!